பன்னிரண்டடிப் பாலம்

“இன்னொருக்காப் பிடி,” என்றார் காளிச்சாமி.

பிரான்சிஸ் டேப்பின் நுனியை மறுபடியும் தரையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். காளிச்சாமி அதை மேலே இழுத்து லாரித் தளத்தின் பின்பலகையோடு சேர்த்துப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தை அருகில் கொண்டுபோய்ப் படித்தார். மூன்றே முக்கால் அடி. முதல் தடவை பிடித்தபோதும் அதேதான்.

“வண்டி மூணே முக்கால். ரயில் பாலம் பன்னெண்டு. நீ தேரு எட்டடி கட்டு. கால் அடி மிச்சம் நிக்கும்.”

“எட்டடிங்களா?” பிரான்சிஸ் டேப்பைச் சுருட்டினான். இருபது வருடமாகச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பாடையும் பிணத்தேரும் கட்டுகிறவன். “மூணடுக்குப் போட்டு ஆறடியில நிறுத்துனா லட்சணமா இருக்குமுங்க. காத்துக்கும் ஆடாது.”

“எங்கப்பனுக்கு அஞ்சடுக்கு. எங்கம்மாளுக்கு அஞ்சடுக்கு. இவன் மட்டும் எந்த ஊட்டுப் பையன்?”

பிரான்சிஸ் டேப்பை இடுப்பில் செருகினான். மூங்கில் வெட்டுவதற்கு அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். காளிச்சாமி லாரியின் பக்கத்தில் தனியாக நின்றார். தார்ப்பாய்க்குள்ளிருந்து மஞ்சள் வாசனை வந்துகொண்டிருந்தது. ஈரோட்டுச் சந்தையில் நூற்றுச் சொச்சம் மூட்டை ஏற்றி, கயிறு கட்டி முடித்து, “சித்த உக்காந்துக்கறேன் பாய்,” என்று சக்கரத்து நிழலில் உட்கார்ந்த தம்பி கதிர்வேல் பிறகு எழவில்லை. உடல் வேனில் அண்ணன் வீட்டுக்கே வந்தது. கூட்டாளி பீர் முகம்மது லோடோடு லாரியைப் பின்னாலேயே ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அந்த லாரி, ஓட்டிவந்தவன் வீட்டுக்குள் போயிருப்பது போலச் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் யாரும் வண்டியில் போனதில்லை. மூன்று கிலோமீட்டரும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கித்தான் போவார்கள். ஆனால் கதிர்வேலின் மனைவி ராசாத்தாள் மத்தியானத்திலிருந்து அழாமல் உட்கார்ந்திருந்தவள், அளவு பிடிப்பதற்குச் சற்று முன்பு காளிச்சாமி உள்ளே வந்ததும் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

“அவுரு வண்டியிலயே போகட்டுமுங்க, மாமா.”

காளிச்சாமி சிறிது நேரம் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரியம்மிணி,” என்றார். உறவுக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த மனிதர் அறுபத்தெட்டு வயதிலும் சுவரில் சாய்ந்து உட்காராதவர். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொன்னதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அப்படி மாற்றிச் சொல்லாத வார்த்தைகளில் ஒன்று, எண்பத்தேழாம் வருடம் அந்த ரயில் பாலத்தடியில் அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னது.

அன்றைக்குக் கதிர்வேல் பஞ்சு லோடு அடித்துக்கொண்டிருந்தான். பஞ்சுக்காக லாரிக்கு உயரமாகக் கூண்டு அடித்திருந்தான். காலையில் லோடோடு பாலத்துக்கு அடியில் போனவன், சாயங்காலம் காலி வண்டியோடு அதே பாலத்துக்கு அடியில் திரும்பினான். கூண்டின் மேல்சட்டம் இரும்பு உத்தரத்தில் மோதி, லாரி அப்படியே இறுகி நின்றுவிட்டது. உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் மேலே ரயில் ஒன்றை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். ரயில்வேக்காரர்கள் வந்தார்கள். ஊர் திரண்டு நின்றது. “உங்க தம்பிங்களா?” என்று மீசை முளைக்காத ஒரு அதிகாரி கேட்டபோது, வாழ்நாளில் யார் முன்னாலும் கை கட்டாத காளிச்சாமி கை கட்டி நின்றார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

“வண்டியோட உசரம் தெரியாதவனுக்கு ஸ்டீரிங் ஒரு கேடா?”

“அண்ணா, போகையில லோடு இருந்துச்சுங்கண்ணா. காலியா வரையில...”

“வாயை மூடு. நம்ம அப்பன் பேரைச் சொல்லிக்கிட்டு இந்த ஊருக்குள்ள வண்டி ஓட்டாதே.”

அவ்வளவுதான். கதிர்வேல் வாயை மூடிக்கொண்டான். சூலூர் பக்கமாக வீடு கட்டிக் குடிபோனான். கல்யாணம், காதுகுத்து என்றால் ராசாத்தாளும் மகள் புவனாவும் வருவார்கள். அவன் வாசல் வரைக்கும் வந்து இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடுவான். ஒன்பது வருடம்.

காளிச்சாமியின் தோட்டத்தை ஒட்டித்தான் தார் ரோடு போகிறது. வாரத்தில் இரண்டு நாள் அந்த லாரி போகும். வளைவில் கியர் மாற்றும்போது எழும் சத்தத்தில் அதை அவர் கண்டுபிடித்துவிடுவார். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், லாரிச் சத்தம் தேயும்வரை கேட்பதற்காக நிறுத்திவிடுவார். தண்ணீர் பாயாமல் நிற்பதைப் பார்த்து ஆள்காரர்கள் கேட்டால், “மோட்டாரு சூடாயிருச்சு,” என்பார். ஒரு தை மாதத்தில் லாரி வரப்போரமாகவே வந்து நின்றது. கதிர்வேல் இறங்கி வாய்க்காலில் ஒரு கேன் தண்ணீர் மொண்டு ரேடியேட்டருக்கு ஊற்றினான். காளிச்சாமி முப்பது அடி தள்ளித் தென்னைமரத்தடியில் நின்றிருந்தார். தலைமுடி நரைத்துவிட்டதே என்று நினைத்தார். ‘சாப்பிட்டாயா’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் ஒரு தடவை ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் போதும், கேட்டுவிடலாம். கதிர்வேல் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டினான், கையைத் துண்டில் துடைத்தான், அவர் நின்ற பக்கம் பார்த்தான். கூப்பிடவில்லை. ஏறிப் போய்விட்டான். அன்றைக்கு வெகுநேரம் காளிச்சாமி வாய்க்கால் ஓரத்தில் நின்று, ஈரமண்ணில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும், வியாபாரியின் ஆட்கள் வேறொரு லாரியைக் கொண்டுவந்து பின்னோடு பின் சேர்த்து நிறுத்தி, மஞ்சள் மூட்டைகளை மாற்றிக்கொண்டு போனார்கள். தொப் தொப்பென்று மூட்டை விழும் சத்தம் உள்ளே கேட்டது. காளிச்சாமி அப்போது தம்பியின் தலைக்கு எண்ணெயும் அரப்புப் பொடியும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். புவனா பக்கத்தில் செம்போடு நின்றாள். நெற்றியில் வழிந்த அரப்பு கண்ணுக்குள் போய்விடாமல் அவர் உள்ளங்கையால் மறித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்.

“இனி கண்ணு எரியாதுங்க, பெரீப்பா,” என்றாள் புவனா.

அவர் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது லாரியைக் கழுவி, தேரை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஐந்தடுக்கு. அடுக்குக்கு ஒரு நிறமாகச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் அரளியும் மாறி மாறி வந்தன. உச்சியில் வெள்ளிக் காகிதம் சுற்றிய கலசம். அந்த ஊரில் அவருடைய அம்மாவுக்குப் பிறகு யாருக்கும் அப்படி ஒரு தேர் கட்டியதில்லை. காளிச்சாமி வாசலில் நின்று அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பறை முன்னால் போக, லாரி நடையளவு வேகத்தில் நகர்ந்தது. பீர் முகம்மது ஓட்டினார். ஆண்கள் எல்லோரும் பின்னால் நடந்தார்கள். காளிச்சாமி மட்டும் லாரிக்கு முன்னால், நடுரோட்டில், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மில் தாண்டி, ரோடு இறங்கிப் பாலத்தை நோக்கித் திரும்பியதும் பின்னால் லாரி நின்றுவிட்டது தெரிந்தது.

பீர் முகம்மது இறங்கி வந்து பாலத்தையும் தேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இடிக்குமாட்ட இருக்குதுங்க, பெரியவரே.”

“இடிக்காது. நான் அளந்துதான் கட்டச் சொன்னேன்.” பாலத்தின் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டில் ‘12 அடி’ என்று எழுதியிருந்தது. கதிர்வேல் மோதிய பிறகு ரயில்வேக்காரர்கள் புதிதாக எழுதியது. ஒன்பது வருடமாக அந்த வழியில் போகும்போதெல்லாம் அவர் அதைப் படிக்காமல் போனதில்லை. “பதினொண்ணே முக்கால் அடிதான் இருக்குது. நீங்க எடுங்க.”

பீர் முகம்மது ஏறி உட்கார்ந்து, கிளட்சில் வைத்த காலை எடுக்காமல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கேபின் உள்ளே போனது. தேரின் உச்சி உத்தரத்தை நெருங்கியது. கலசம் இரும்பில் தொட்டு, கழுத்து மடங்கிச் சாய்ந்தது. வெள்ளிக் காகிதம் கிழியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. லாரி நின்றது. பறை தானாகவே நின்றுபோனது.

கூட்டம் கழுத்தை நீட்டி மேலே பார்த்தது. சென்னகேசவன் மட்டும், காளிச்சாமியோடு ஒரே பெஞ்சில் படித்தவர் என்ற உரிமையில், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“ஏனுங் காளிச்சாமி, இந்தப் பாலம் உங்க தம்பியை லேசுல உடாதாட்டத் தெரியுது.”

பின்னால் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.  காளிச்சாமி திரும்பிப் பிரான்சிஸைத் தேடினார்.

“ஏப்பா, எட்டடின்னுதான சொன்னேன்? எத்தனை அடி கட்டி வெச்சிருக்கறே?”

“எட்டடிதானுங்க.”

“பொய் சொல்லாதே. எட்டடி கட்டிருந்தா எப்பிடி இடிக்கும்?”

“பிடிச்சுப் பாருங்க,” என்றான் பிரான்சிஸ். குரலை உயர்த்தவில்லை. இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினான்.

லாரியை ஒரு கஜம் பின்னுக்கு எடுத்தார்கள். பிரான்சிஸ் மேலே ஏறி, மடங்கிய கலசத்தை நிமிர்த்தி உச்சியில் நுனியைப் பிடிக்க, காளிச்சாமி கீழே தளப்பலகையில் பிடித்தார். எட்டடி. ஒரு நூல் கூடக் கூடுதல் இல்லை. அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வேலைக்கு வந்த ஒரு ஆளை ஏசிவிட்டு, அவன் சரி, தான் தப்பு என்று ஊர் முன்னால் தெரிவது அவருக்குப் புதிது.

“மேல் அடுக்கை மட்டும் அறுத்துப்போடலாமுங்க,” என்றான் பிரான்சிஸ் இறங்கி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “ரெண்டு நிமிச வேலை. நான்தான் அளவு தப்பாக் கட்டிப்போட்டேன்னு சொல்லிக்கறேனுங்க.”

எடுத்த பிணத்தை வந்த வழியே திருப்புவது கிடையாது. நடுவழியில் இறக்கி வைப்பதும் கிடையாது. அதனால் திரும்பிப் போய் ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போகவும் முடியாது. அறுப்பது ஒன்றுதான் வழி. பிரான்சிஸ் அரிவாளைக் கூட எடுத்துவிட்டான். ‘சரி’ என்று சொன்னால் முடிந்தது. பழி அவனோடு போகும். காளிச்சாமியின் கண் லாரியின் பின்பலகையில் விழுந்தது. நேற்று அவர் முகத்தை வைத்துப் படித்த இடம். அது இன்றைக்கு ஏனோ நெஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் மேலே இருந்தது.

“தரையில பிடி,” என்றார்.

பிரான்சிஸ் குனிந்து நுனியை அழுத்தினான். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். நாலு அடி. அதற்கு மேலும் அரை அங்குலம்.

“நேத்து மூணே முக்கால் இருந்துச்சு,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பீர் முகம்மது கேபினிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார். “நேத்து மஞ்ச லோடு மேல இருந்துச்சுங்களே, பெரியவரே. ஒம்பது டன்னு. அது ஏறுனா ஸ்பிரிங் பட்டை அமுங்கிக் கெடக்கும். எறக்குனா வண்டி எந்திரிச்சுக்கும். மூணு அங்குலம், நாலு அங்குலம்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “எல்லா டிரைவரும் ஒருக்காவாச்சும் ஏமாறுறதுதானுங்க. லோடு ஏறுன வண்டியை மேல மேலப் பாத்துப் பாத்துப் போவான். காலி வண்டின்னா, காலையில இதே பாலத்துல போனமேன்னு நிமுந்தே பாக்கமாட்டான். போர்டுல பாலத்தோட உசரம் எழுதிருக்குது. வண்டியோட உசரத்தை எங்கீங்க எழுதறது? அது நிமிசத்துக்கு ஒண்ணா மாறுது. கதிரண்ணன் அடிக்கடி சொல்லுவாப்ல.”

“என்ன சொல்லுவான்?”

“இதைத்தானுங்க. புதுசா வண்டி எடுக்கறவன் ஆரைப் பாத்தாலும் நிறுத்திவெச்சுச் சொல்லுவாப்ல. காலி வண்டிதான் உசரம்னு.”

காளிச்சாமி பாலத்தின் நிழலைப் பார்த்தார். போகையில லோடு இருந்துச்சுங்கண்ணா, காலியா வரையில... அதற்கு மேல் என்ன சொல்ல வந்தான் என்று, ஒன்பது வருடத்தில் எத்தனையோ நாள், மோட்டாரை நிறுத்திவிட்டு நின்ற நேரங்களில் அவர் யோசித்திருக்கிறார். ஏதாவது சாக்குத்தான் சொல்லியிருப்பான் என்று தனக்குத்தானே முடித்துக்கொள்வார். ஊரில் எவரெவரோ, பெயர் தெரியாத டிரைவர்கள் எல்லாம் அவன் சொன்னதை நின்று கேட்டிருக்கிறார்கள். தைமாதத்து அந்த முப்பது அடியை இருவரில் யார் நடந்திருந்தாலும் தானும் கேட்டிருக்கலாம்.

பிரான்சிஸ் அரிவாளோடு காத்து நின்றான்.

“அதைக் கீழ போடு,” என்றார் காளிச்சாமி. பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “எல்லாரும் வண்டியில ஏறுங்க.”

யாருக்கும் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பொணத்தோட வண்டியிலீங்களா, பெரீப்பா?” என்று பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான். “வழக்கமில்லீங்களே.”

“ஏறுங்கங்கறேன். பாரம் ஏறுனா வண்டி எறங்கும். ஒரு விரக்கடை எறங்குனாப் போதும், தேரு முழுசாப் போயிரும்.”

“இது ஆருங்க சொன்ன கணக்கு?” என்றார் சென்னகேசவன்.

பறைக்காரர்கள் வரைக்கும் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மீசை முளைக்காத அதிகாரி நின்ற அதே இடத்தில்தான் இப்போது சென்னகேசவன் நின்றிருந்தார்.

“என்ற தம்பி சொன்னான்,” என்றார் காளிச்சாமி. “எண்பத்தேழுல, இங்கயே நின்னு சொன்னான். நான் கேக்கலை.”

செருப்பைக் கழற்றி ரோட்டோரமாக ஒதுக்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பின்சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்துவிட்டு, அறுபத்தெட்டு வயதுக்கு அந்த உயரம் எட்டாது என்று தெரிந்ததும், கீழே பார்த்துக் கையை நீட்டினார்.

“பிரான்சிஸு, கையைக் குடு.”

பிரான்சிஸ் அரிவாள் பிடித்த கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தான். அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

அதற்குப் பிறகு சென்னகேசவன், “நகரப்பா, நானும் எழுபது கிலோ இருக்கறேன்,” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பங்காளிகள் ஏறினார்கள். மாமன் மச்சான்கள் ஏறினார்கள். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பறைக்காரர்களும் ஏறினார்கள். முப்பது பேர் தேரைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். அடியில் பட்டைகள் கிறீச்சிட்டு அமர்ந்தன. கீழே நின்ற பிரான்சிஸ் குனிந்து டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து தலையை ஆட்டினான்.

லாரி பாலத்துக்குள் நுழைந்தது. கல்சுவரின் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. எல்லோரும் தலையைத் தாழ்த்திக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார்கள். மடங்கிய கலசத்தை நிமிர்த்திப் பிடித்திருந்த பையன் ஒருவன் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு உத்தரங்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் போயின. ஒன்றும் தொடவில்லை. மறுபக்கத்து வெயில் திடீரென்று முகத்தில் விழுந்தது.

பாலம் தாண்டி லாரி நின்றதும் ஆட்கள் பின்பக்கமாகக் குதித்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் பலகை காலடியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவது காளிச்சாமிக்குத் தெரிந்தது. கடைசியில் அவர் மட்டும் தேரோடு நின்றார். பிரான்சிஸ் கீழே வந்து கையை நீட்டினான்.

“எறங்கறீங்களா?”

“நீங்க நடங்க. நான் இப்பிடியே வாரேன்.”

தம்பியின் காலடியில் பலகை மேல் உட்கார்ந்தார். நெரிசலில் போர்வை விலகி, கட்டை விரல்கள் சேர்த்துக் கட்டிய பாதங்கள் வெளியே தெரிந்தன. வலது குதிகாலின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் தடித்துக் காய்த்திருந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கும் காலைத் தரையில் ஊன்றி ஊன்றி வந்தது. இடதுகாலில் அது இல்லை. அவர் போர்வையை இழுத்து மூடினார். காற்று தூக்கியது. மறுபடியும் மூடினார்.

“போலாமுங்களா, பெரியவரே?” என்று பீர் முகம்மது கேபினின் பின்ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“ம்.”

பறை தொடங்கியது. லாரி நகர்ந்தது. போர்வை திரும்பவும் விலகியபோது காளிச்சாமி அதை இழுக்கவில்லை. உள்ளங்கையை அந்தக் குதிகாலின் மேல் வைத்துக்கொண்டார்.